உப்பு பத்தவில்லை

உப்பளக் கரை ஊர்களில் வறுமையைக் குறைக்க வேலை செய்கிற ஒரு தொண்டு நிறுவனம். அதை நடத்துகிறவள் ரூபாவதி. வட்ட வழங்கல் அலுவலராக இருந்து ஓய்வுபெற்ற சங்கரபாண்டியன், இந்த வேலையைக் கற்றுக்கொள்ள அவளிடம் வந்து சேர்ந்திருந்தார். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் எல்லோரும் அக்கா என்றதால் அவரும் அக்கா என்றார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள். கணக்கு நேராகிவிட்டது.

மழை பிடித்துவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்கு நிறுவனம் ஏதாவது ஓர் ஊரில் கஞ்சிக்கூடம் திறக்கும். ஒரே ஊருக்குத்தான் வசதி உண்டு. இந்த வருஷம் மேலக்குடியிருப்பு என்று பேச்சு. அண்டாக்கள் தயாராக இருந்தன. சங்கரபாண்டியன் தன் ஆசைக்கு ஒரு போர்டும் எழுதி வாங்கியிருந்தார்: ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை.’

ஊரைப் பார்த்துவரப் போனவர் தெளிவாகத் திரும்பி வந்தார்.

“அக்கா, கூடத்தை வேற ஊருக்கு மாத்திருவோம். வீடு வீடாப் போய்ச் சாப்டியளான்னு கேட்டேன். ஒருத்தர் பாக்கியில்லாம ஆச்சுன்னுட்டாங்க.”

“எல்லாருமா?”

“எல்லாரும்தான். பசிக்குதுன்னு வாய் திறந்து சொல்லாதவங்களுக்கு எப்படிக்கா கொடுக்கிறது?”

அக்கா தன் மதியச் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் எடுத்தாள்.

“வண்டிய எடுங்க, அண்ணாச்சி.”

மேலக்குடியிருப்பில் முதல் வீட்டில் இருந்தவள் வடிவு. உப்பு வாரிக் காய்ப்பேறிய கையோடு அவள் வாசலில் நின்றாள். பின்னால் இரண்டு பிள்ளைகள். சங்கரபாண்டியன் முந்திக்கொண்டார்.

“சாப்டியளாம்மா?”

“ஆச்சு சார்.”

பார்த்தீர்களா என்பதுபோல் அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா வீட்டுக்குள் பார்த்தாள். அடுப்பில் படுத்திருந்த பூனை எழுந்து சோம்பல் முறித்தது. பழமொழியில் வருகிற பூனைதான். அன்று அடுப்பு பற்றவேயில்லை.

“வடிவு, எனக்கு இன்னும் ஆகல. தனியாத் தின்னா இறங்காது. தட்டை எடு, சாப்பிடுவோம்.”

“நீங்க சாப்பிடுங்கக்கா.”

“அப்ப நான் பட்டினியாத்தான் திரும்பணும்.”

வந்தவளைப் பட்டினியாக அனுப்ப அந்த ஊரில் யாருக்கும் மனசு வராது. வடிவு தட்டுகளைக் கழுவி வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள்.

அக்கா ஒரு வாய் வைத்தாள்.

“உப்பு பத்தல.”

வடிவு விருட்டென்று எழுந்தாள். ஒரு கொட்டாங்கச்சி நிறையக் கல்லுப்போடு வந்தாள். அப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

“உப்புக்கு மட்டும் எங்க வீட்டுல பஞ்சமே கிடையாதுக்கா.”

எல்லோர் தட்டிலும் அவளே போட்டாள். சங்கரபாண்டியன் தட்டிலும் போட்டாள், கேட்காமலே. பிள்ளைகள் தின்ற வேகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. தன் தட்டைப் பாதியில் அவர்கள் பக்கம் நகர்த்தினார்.

திரும்பும் வழியில் சங்கரபாண்டியன் கேட்டார்.

“நானும் சாப்பாட்டைப் பத்தித்தானக்கா கேட்டேன்?”

“நீங்க கேட்டது முடிஞ்ச சாப்பாட்டை, அண்ணாச்சி.”

வண்டி உப்பளக் கரையைத் தாண்டியது. சங்கரபாண்டியன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நாளைக்கே அங்க அடுப்பைப் பத்தவச்சிருவோம். அரிசி நம்ம கொண்டு போவோம். உப்பை அவங்ககிட்டயே கேட்டு வாங்கிக்கிறேன்.”

“நல்லது.”

“அந்தப் போர்டையும் வாசல்ல மாட்டிரட்டுமா?”

“மாட்டுங்க” என்றாள் அக்கா. “நம்ம ஆபீஸ் வாசல்ல.”