கணுவைத் தொட்ட வரிசை

மலைச்சரிவில் ஒரு பெரிய மரம். அதன் உச்சிப் பொந்தில் இரண்டு இருவாச்சிப் பறவைகள் குடியிருந்தன. பெண்ணின் பெயர் நாச்சி. ஆணின் பெயர் பொன்னலகன். பெயருக்கேற்ற அழகான அலகுதான். ஆனால் அதைப் பற்றிய நினைப்பு அவனுக்குக் கொஞ்சம் அதிகம்.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் போய், வாசலைச் சேறு பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் இருக்கும். அதன் வழியாக ஆண் பறவை இரை கொடுக்கும்.

அடைத்துக்கொள்வதற்கு முன் நாச்சி கணக்காகச் சொன்னாள்.

"முட்டை பொரிய நாற்பது நாள் ஆகும். பொரிஞ்ச அன்னையிலிருந்தே தினம் இருபது வண்டு வேணும். குறைஞ்சா நான் சுவரை உடைச்சுக்கிட்டு இரை தேட வெளியே வரணும். கீழ்க்கிளையில யார் படுத்திருக்கான்னு பார்த்தீங்கல்ல?"

பார்த்தான். ஒரு மரநாய் படுத்திருந்தது. பொந்து எப்போது திறக்கும் என்று அதுவும் நாள் எண்ணிக்கொண்டிருந்தது.

அந்தக் காட்டில் அப்போது எல்லோர் கையிலும் போன் இருந்தது. பொன்னலகன் போனிலேயே ஒரு கடை திறந்தான். மரத்து உச்சியில் பழுக்கும் அத்திப்பழத்தை இலையில் கட்டி வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பான். ஒரு பொட்டலத்துக்கு ஒரு வண்டு விலை. மரம் ஏறத் தெரியாமல் மண்ணைத் தோண்டி வண்டு தேடிப் பிழைக்கும் முள்ளம்பன்றிக்கும் கீரிக்கும் எறும்புதின்னியான அழுங்குக்கும் இதைவிட என்ன வேண்டும்?

பொந்துக்குள் சிக்னல் கிடையாது. அதனால் நாச்சி தன் வழியில் கணக்கு வைத்தாள். வரும் வண்டைத் தின்றுவிட்டு, அதன் மேலோட்டைப் பொந்தின் உள்சுவரில் சேறு தடவிப் பதித்தாள். ஒரு நாளுக்கு ஒரு வரிசை. இருபது ஓடு பதித்தால் வரிசை மரத்தின் ஒரு கணுவைத் தொடும். நாற்பதாம் நாள் வரிசை அதைத் தொட்டாக வேண்டும்.

முதல் வாரம் வரிசையில் நாலு ஓடுதான். பொன்னலகனுக்கோ கால் தரையில் நிற்கவில்லை. முந்நூறு பேர் கடையைப் பார்த்தார்களாம். பன்னிரண்டாம் நாள், வானத்திலிருந்து பாய்ந்து பொட்டலம் போடுவதை வீடியோ எடுத்துப் போட்டான்.

"தொள்ளாயிரம் லைக், நாச்சி! குரங்குக் கூட்டம் முழுக்க நம்ம பேச்சுதான்."

"குரங்குக்கு மரம் ஏறத் தெரியும். அது எதுக்கு நம்மகிட்ட வாங்கப்போகுது?" என்றாள் நாச்சி. "வாங்கினவங்கள்ல எத்தனை பேர் மறுபடி கேட்டாங்க? அதைச் சொல்லுங்க."

அதை அவன் எண்ணிப் பார்த்ததே இல்லை. அன்றைய வரிசையில் மூன்று ஓடு.

மறுநாள் அவன் ஒரு காரியம் செய்தான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வண்டு மூன்றுதான் கிடைத்தது. வழியில் கிடந்த நான்கு காய்ந்த ஓடுகளைப் பொறுக்கி, அவற்றோடு சேர்த்துப் பிளவில் நீட்டினான். வரிசை நீண்டால் அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைப்பு.

நாச்சி ஓட்டைத் தட்டிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள வண்டு எங்கேங்க?"

அவன் அலகைப் பிளவிலிருந்து இழுத்துக்கொண்டான்.

"சுவருக்கு நான் அழகு பண்ணலை. பிறக்கப்போற வாய்க்காக எண்ணிட்டிருக்கேன்," என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. அதுதான் அவனைச் சுட்டது.

விடிந்ததும் பொன்னலகன் முள்ளம்பன்றியின் வளைக்குப் போனான். ஒரே ஒரு தடவை வாங்கிவிட்டு ஏன் நிறுத்திவிட்டாய் என்று நேராகவே கேட்டான்.

"நீ பாட்டுக்கு மேலேயிருந்து போட்டுட்டுப் போயிடுற. பொட்டலம் என் முள்ளுல குத்திக்கிட்டுது. ரெண்டு நாள் முதுகு பூரா எறும்போட அலைஞ்சேன்."

"நீ லைக் போட்டிருந்தியே!"

"வீடியோ நல்லா இருந்துச்சு. லைக் போட்டேன். பழம் கூழா வந்துச்சு. வாங்கலை."

பொன்னலகன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். கீரியிடம் கேட்டான், அழுங்கிடம் கேட்டான். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

அன்றிலிருந்து பாய்ச்சல் இல்லை. தரையில் இறங்கி, ஒவ்வொரு வளை வாசலிலும் பொட்டலத்தை வைத்துவிட்டு, பழம் முழுசாக இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கச் சொன்னான். மாலையில் நாச்சியிடம் இரண்டே எண்ணிக்கை சொன்னான்: எத்தனை வண்டு, எத்தனை பேர் மறுபடி கேட்டார்கள்.

வரிசை ஏழானது, ஒன்பதானது. நடுவில் மழை வந்து ஐந்துக்கு விழுந்தது. பழைய பொன்னலகனாக இருந்தால் மழையைத் திட்டிவிட்டுப் போயிருப்பான். இவன் இலை கிழிவதைக் கண்டு, இரட்டை இலையில் கட்டினான். பதின்மூன்று, பதினாறு, பதினெட்டு. லைக் மட்டும் பன்னிரண்டாகச் சுருங்கிப்போனது. அவன் அதை மறந்தே போயிருந்தான்.

நாற்பதாம் நாள் காலை முட்டைகள் பொரிந்தன. அன்று அவன் ஓயாமல் பறந்தான். பொழுது சாய்வதற்குள் பத்தொன்பது வண்டு சேர்ந்தது. ஒன்று குறைந்தது. மரநாய் கீழ்க்கிளையில் எழுந்து உட்கார்ந்தது.

அப்போது மரத்தடியில் சலசலப்பு கேட்டது. முள்ளம்பன்றி வாயில் ஒரு வண்டுடன் மூச்சு வாங்க நின்றது.

"நாளைக்கு எனக்கு முதல் பொட்டலம் வேணும். அதுக்கு இப்பவே கொடுத்துடுறேன்," என்று வண்டைக் கீழே வைத்தது.

பொன்னலகன் அதைக் கொண்டுபோய்ப் பிளவில் நீட்டினான். உள்ளே கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது.

"நீங்களே பாருங்க," என்று நாச்சி விலகினாள்.

அவன் முதல்முறையாக உள்ளே எட்டிப் பார்த்தான். இரண்டு சின்ன வாய்கள் திறந்திருந்தன. அவற்றுக்குப் பின்னால், சுவரில் நாற்பது வரிசைகள். நாலில் தொடங்கி, இறங்கி, ஏறி, கடைசி வரிசை கணுவுக்கு ஓர் ஓடு குறைவாக நின்றது. இருபதாவது வண்டைக் குஞ்சுகளுக்கு ஊட்டிவிட்டு, அதன் ஓட்டை நாச்சி அவன் அலகிலேயே கொடுத்தாள். அவன் பிளவு வழியாக அலகை நீட்டி, கணுவின்மேல் அதைப் பதித்தான்.

கீழே மரநாய் கிளையை விட்டு இறங்கி வேறு மரம் தேடிப் போனது.

கைதட்டுகிறவர்களை எண்ணாமல், திரும்பி வருகிறவர்களை நாள் தவறாமல் எண்ணி, குறைந்த அன்று காரணம் தேடுகிறவனே குறித்த நாளில் குறித்த இடத்தை எட்டுவான்.