கண் தெரியாத கிருமியும் உமிக்குளத்து ஆறு பேரும்

உமிக்குளத்தில் கயிறு இழுக்கும் குழு ஒன்று இருந்தது. ஆறு பேர். ஆறு பேருக்கும் கழுத்துக்குக் கீழே ஒரு குறையும் கிடையாது. கழுத்துக்கு மேலேயும் தனக்கு ஏதோ இருப்பதாகத் தலைவன் இசக்கிமுத்து அவனாகவே சொல்லிக்கொள்வான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பயிற்சி முடிந்த களைப்பில், மாடு குளிப்பாட்டும் குட்டையில் ஆறு பேரும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தார்கள். புதன்கிழமை காலை ஆறு பேரும் உடைமரக் காட்டுக்கு ஓடினார்கள். திரும்பினார்கள். மறுபடி ஓடினார்கள்.

சுகாதார நிலையத்து நர்ஸ் ஸ்டெல்லாம்மா வந்து பார்த்தார். "எல்லாம் குட்டைத் தண்ணியில இருக்கிற கிருமியால வந்தது. அது கண்ணுக்குத் தெரியாது. இனிமே தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிங்க. இந்தப் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணியில போட்டு அதையும் குடிங்க."

கொதிக்கக் கொதிக்கக் குடித்ததில் ஆறு நாக்கும் வெந்தன. சூடு தணியக் குட்டைத் தண்ணீரையே கலந்துகொண்டார்கள். பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்லவில்லை; பிரிக்காமலே செம்பில் போட்டார்கள்.

"ருசியே இல்லையே, அண்ணாச்சி" என்றான் தங்கப்பழம்.

"மருந்துன்னா அப்படித்தாம்ல இருக்கும்" என்ற இசக்கிமுத்துவுக்கு வேறொரு கவலை. "கிருமிக்குக் கண்ணு தெரியாதுன்னு நர்சம்மா சொல்லிட்டாவ. அப்போ நம்மள எப்படிக் கண்டுபிடிக்குது?"

பேச்சிமுத்து வெகுநேரம் யோசித்தான். "சத்தத்தை வச்சுத்தான். வயிறு கடமுடாங்குதுல்லா?"

அவ்வளவுதான். ஆறு பேரும் வயிற்றைத் துண்டால் இறுக்கிக் கட்டி, வாய் திறக்காமல் நுனிக்காலில் நடமாடினார்கள். காட்டுக்குப் போன இடத்தில் சத்தமில்லாமல் இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

வியாழக்கிழமை தங்கப்பழம் பிழிந்த துணியாகச் சுருண்டு விழுந்தான். கண் உள்ளே போய்விட்டது. இசக்கிமுத்துவுக்கு முதல்முறையாக வயிற்றைத் தவிர நெஞ்சும் கலங்கியது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினான். மற்றவர்களும் பின்னால் ஓடினார்கள்.

ஸ்டெல்லாம்மா தலையில் அடித்துக்கொண்டார். தங்கப்பழத்துக்கு ட்ரிப் ஏற்றினார். மற்றவர்களுக்கு எதிரே பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டி, ஆறவைத்த தண்ணீரில் கலக்கி, தானே அவர்கள் வாயில் ஊற்றினார். சாயங்காலம் தங்கப்பழம் கண் விழித்தான். இசக்கிமுத்து அழுதுவிட்டான்.

"எந்தக் கிருமின்னு சோதிச்சுப் பார்க்கணும்" என்ற ஸ்டெல்லாம்மா, அதற்கு மேல் வெளிப்படையாகச் சொல்லக் கூசினார். "நாளைக்குக் காலையில முதல்ல போறதைப் பிடிச்சு, நல்லா மூடி, இங்க கொண்டு வாங்க."

இந்தத் தடவை ஒரு சொல்கூடப் பிசகக் கூடாது என்று இசக்கிமுத்து முடிவு செய்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டெல்லாம்மா வாசலுக்கு வந்தார். ஐந்து பேரும் தோளில் கயிற்றோடு மூச்சு வாங்க நின்றார்கள். கயிற்றின் மறுமுனையில் உமிக்குளத்தின் ஆறு மணி மினி பஸ், கூரையிலிருந்து சக்கரம் வரை தார்ப்பாய் போர்த்தி நின்றது. உள்ளே யாரோ வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க ஊர்ல முதல்ல போறது இதுதாம்மா" என்றான் இசக்கிமுத்து. "கண்டக்டர் எறங்க மாட்டேங்காரு. அவரையும் சேர்த்தே சோதிச்சிருதியளா?"