பொன் போன வழி

“நாட்டுப் பொன்னெல்லாம் கடல் தாண்டிப் போகிறது, தாயே. எப்படித் தடுப்பது?”

துறைமுகச் சுங்கத் தலைவர் சாத்தனார் ஆசிரம வாசலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

துறவி பெருநங்கை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மிளகு வணிகர் வீட்டுப் பெண். சாத்தனாரோடு அதே துறைமுகத்தில் ஓடி விளையாடியவர். இன்று ஊருக்கே அவர்தான் குரு, சாத்தனாருக்கும்.

“நம் சின்ன வயதில் பொன் உள்ளே அல்லவா வந்தது, சாத்தா?”

“அதை ஏன் கேட்கிறீர்கள்! மிளகு வாங்க வந்தவர்கள் காசைப் பாயில் கொட்டுவார்கள். அந்தச் சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது.”

“நீ ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டாய். உன் அப்பா முதுகில் நாலு போட்டுத் துப்ப வைத்தார்.”

சாத்தனார் சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. எப்பேர்ப்பட்ட காலம் அது! பாவம் மனுஷர், அதை நினைத்து ஏங்காத நாளில்லை.

“இப்போது மிளகை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். அவர்கள் கொண்டுவரும் குதிரைக்கோ யானை விலை. கஜானா காலி. நாளைக்கு வீட்டுக்கு ஒரு பொன்வளை வீதம் வசூலிக்கச் சொல்லி அரசர் உத்தரவு. வாசல் வாசலாகப் போகிறவன் நான். எந்த முகத்தோடு கேட்பேன்?”

“போன வருடம் எத்தனை குதிரை வாங்கினீர்கள்?”

“ஆயிரம்.”

“இந்த வருடம்?”

“அதே ஆயிரம்.”

“லாயத்தில் இரண்டாயிரம் நிற்கிறதா?”

“எங்கே நிற்கிறது? வந்ததில் முக்கால்வாசி செத்துவிட்டது. வருடா வருடம் இதே கதைதான்.”

“கவனிக்கவில்லையா?”

சாத்தனாருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“கவனிக்காமலா? கடல் கடந்து வந்த விருந்தாளி ஆயிற்றே! வேளை தவறாமல் நெய்ச்சோறு, வெல்லம், பால். நானே பக்கத்தில் நின்று ஊட்டச் சொல்வேன்.”

பெருநங்கை எழுந்து கொல்லைக்குப் போனார். ஒரு பிடி புல்லைப் பிடுங்கி வந்து அவர் மடியில் போட்டார்.

சாத்தனார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயையோ!”

துண்டை உதறி எழுந்தார். அரசரை உடனே பார்த்தாக வேண்டும். யார் கையிலிருந்தும் வளை கழற்றத் தேவையில்லை. ஓட்டமும் நடையுமாகப் படலைத் தாண்டினார்.

“சாத்தா, குதிரை விற்கிறவரிடம் இந்த நெய்ச்சோற்று விஷயத்தைச் சொன்னாயா?”

“பெருமையாகச் சொன்னேன், தாயே.”

“என்ன செய்தார்?”

சாத்தனார் நின்றுவிட்டார்.

“என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.”