புயல் கட்டடத்து விருந்தாளிகள்

வெளிநாட்டு அரசாங்கம் கொடுத்த நிதியில், கடலோரப் பள்ளத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடம் கட்டியிருந்தார் பொறியாளர் தண்டபாணி. அடுத்த கட்டடத்துக்கு நிதி தருமுன் அதைப் பார்வையிட அந்நாட்டு அதிகாரியம்மா வந்தார். அங்கே கூட்டிப் பெருக்கும் அஞ்சலாட்சியைத் தண்டபாணி முன்கூட்டியே மிரட்டி வைத்திருந்தார்: "புகழ்ந்துதான் பேசணும். குறைன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, உனக்கு வேலை இல்ல."

அஞ்சலாட்சிக்கோ பொய் சொல்ல வராது.

"கட்டடம் எப்படி?" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார் அதிகாரியம்மா.

"ஒரு குறையும் இல்லம்மா. போன புயலுக்கு நாங்க மட்டுமா, மடவை மீனு, நண்டு எல்லாமே உள்ள வந்து எங்களோட தங்கிட்டுத்தான் போச்சு."

அதிகாரியம்மா சுவரைப் பார்த்தார். இடுப்பு உயரத்துக்கு உப்புக்கறை.

"அடுத்ததை எங்கே கட்டலாம்?"

தண்டபாணி வாயைத் திறப்பதற்குள் அஞ்சலாட்சி மணல்மேட்டைக் காட்டினாள்.

"அங்கம்மா. என்ன, பாவம், மீனுக்குத்தான் ஏறி வர முடியாது."