ஆண் பூச்சிக்கு வாய் இல்லை

“‘முப்பது வருஷம் விலங்கியல் நடத்தினவனைப் பிடிச்சு, தினமும் பூச்சிக் குடலை உருவச் சொல்றீங்களே, இது அடுக்குமா?’ இதைத்தானே சொன்னீங்க? நேத்தும் இதையேதான் சொன்னீங்க சார். முந்தாநாளும்.”

“இன்னைக்கும் சொல்றேன் மேடம். இது அடுக்குமா?”

குருவின் பெயர் நாச்சியார். பல்கலைக்கழகத்தில் மரபியல் பேராசிரியர். சீடரின் பெயர் ஞானதுரை. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஓய்வு பெற்ற கையோடு முனைவர் பட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். குரு சீடரை ‘சார்’ என்பார். சீடர் குருவை ‘மேடம்’ என்பார். மரியாதைக்குக் குறைவில்லை. காதுதான் குறைவு. ஓய்வுபெற்ற வாத்தியாரை மாணவராக்குவது, வடித்த சோற்றைத் திரும்ப அரிசியாக்குகிற வேலை.

மேசை மேல் ஒரு பரங்கிக்காய். சாம்பாருக்கு ஆகாது. அதன் மேலெல்லாம் மாவுப்பூச்சி. செம்பருத்திச் செடியில் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டு நம் உயிரை வாங்குமே, அதேதான். நாம் சோப்புத் தண்ணீர் அடித்துக் கொல்வதை இவர்கள் காய் வாங்கிப் போட்டு வளர்க்கிறார்கள்.

வளர்ப்பதற்குக் காரணம் உண்டு. ஆண் மாவுப்பூச்சியின் செல்லுக்குள் தாய் கொடுத்த குரோமோசோம்கள் வேலை செய்யும். தகப்பன் கொடுத்தவை மொத்தமும் சுருண்டு, ஓரத்தில் ஒரு கட்டியாகிக் கிடக்கும். சாயம் போட்டுப் பார்த்தால் மச்சம் போலத் தெரியும். தகப்பன் வழி வந்தது வாய் திறக்காது. ஏன் திறக்காது என்று பார்த்துப் பார்த்தே நாச்சியாருக்குப் பாதித் தலை நரைத்திருந்தது.

“குடல் கிடக்கட்டும் மேடம். ஆய்வேட்டு அத்தியாயத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. இந்த மாசம் தாண்டினா என் பதிவு ரத்து. இனிமேல் நீட்டிப்பு கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. பையன் கல்யாணப் பத்திரிகையில எல்லாரும் ‘டாக்டர்’ போட்டுக்கறாங்க, பெண் வீட்டுச் சித்தப்பா உட்பட. அவர் கால்நடை டாக்டர்.”

“தரலாம். ஒரு வார்த்தையை மாத்துங்க.”

“எதை?”

“‘செத்த’ங்கறதை.”

அடங்கிய குரோமோசோம் என்று வரவேண்டிய இடமெல்லாம் செத்த குரோமோசோம் என்று எழுதியிருந்தார் ஞானதுரை. இங்கிலீஷில்தான். இங்கிலீஷில் எழுதினாலும் செத்தது செத்ததுதான். நாச்சியார் ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் அடித்திருந்தார்.

“அசையலை. பேசலை. ஒரு வேலை செய்யலை. பிறகு என்ன மேடம், செத்ததுதானே?”

“உங்க பையன் ஃபோன் எடுக்கலைன்னா, செத்துட்டான்னு எழுதிடுவீங்களா?”

“கர்த்தரே! கல்யாணம் வச்சிருக்கற வீடு மேடம்!”

“கேட்டேன்.”

“அது வேற, இது வேற. அவன் வேணும்னு எடுக்க மாட்டான். இது எடுக்க முடியாம கிடக்கு. அடங்கினதுக்கும் செத்ததுக்கும் என்ன வித்தியாசம், நீங்களே சொல்லுங்க. சொல்லிட்டா மாத்திடறேன்.”

அப்போது டீ வந்தது. நாச்சியார் ஒரு தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

“இது ஆறுகிற வரைக்கும் நீங்க பேசாம இருங்க. இருந்துட்டா உங்க ‘செத்த’ அப்படியே இருக்கட்டும். கையெழுத்துப் போட்டுடறேன்.”

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

ஞானதுரை கைகளைக் கட்டிக்கொண்டார். சர்ச்சில் காணிக்கை எடுக்கும்போது இருப்பது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

நாச்சியார் பரங்கிக்காயைப் பார்த்துப் பாடம் நடத்த ஆரம்பித்தார்.

“மாவுப்பூச்சி ஒரு வகை வண்டு.”

ஞானதுரையின் புருவம் துடித்தது.

“அதுக்கு எட்டுக் கால்.”

அவர் நாற்காலியின் கையைப் பிடித்தார்.

“பெண் பூச்சிக்கு அழகான இறக்கை இருக்கும். பறந்து போய் முட்டையிடும்.”

நெற்றியில் வேர்வை அரும்பிவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டார். ஜன்னலைப் பார்த்தார். காலால் தரையைத் தட்டினார். தட்டுகிற காலை இன்னொரு காலால் மிதித்தார்.

“வளர்ந்த ஆண் பூச்சி இருக்கே, அது ரொம்ப நல்லா சாப்பிடும். அதுக்கு வாய் பெரிசு.”

“ஆண் பூச்சிக்கு வாயே கிடையாது மேடம்!”

பக்கத்து அறையில் யாரோ எதையோ கீழே போட்டார்கள்.

டீயில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

“தெரியும்” என்றார் நாச்சியார். “இருக்கிற வாயெல்லாம் உங்களுக்குத்தான்.”

“இது அநியாயம். நாலாங்கிளாஸ் பையன்கூடத் தப்புன்னு சொல்லுவான். வேணும்னே சீண்டறீங்க.”

“சீண்டினேன். பேசாம இருந்தீங்களே கொஞ்ச நேரம், அப்போ செத்தா இருந்தீங்க?”

“செத்தா? எவ்வளவு கஷ்டப்பட்டு அடக்கிக்கிட்டு இருந்தேன்! ஒண்ணு அடக்கினா அடுத்தது வருது. அதை அடக்கினா அதுக்கு அடுத்தது.”

“செல்லுக்கும் அதே பாடுதான். ஒண்ணு ரெண்டாப் பிரியறப்போ எல்லாம், புதுசா வந்ததோட வாயைத் திரும்பப் பொத்தணும். நேத்துப் பொத்தினது இன்னைக்கு ஆகாது. அதுக்குன்னு உள்ளே ஆள் வச்சிருக்கு. அது கையை எடுத்துட்டா?”

ஞானதுரை யோசித்தார். பழைய வாத்தியார் அல்லவா, பதில் தெரிந்தால் சொல்லாமல் இருக்க முடியாது.

“பேசிடும்.”

“செத்தது பேசுமா?”

“பேசாது. சரி மேடம், மாத்திடறேன். ஆனா நாலு வருஷமாப் பார்க்கறேன், அது எங்கேயும் பேசலை. கால்ல பார்த்தேன், கட்டி இருக்கு. தலையில பார்த்தேன், கட்டி இருக்கு. தோல்ல கல்லு மாதிரி இருக்கு.”

“குடல்ல?”

“அதைத்தான் கேட்காதீங்கன்னு சொல்றேன். குடல் மட்டும் எனக்குச் சரியாவே வர்றதில்லை. நீங்களும் விடாம அதையே உருவச் சொல்றீங்க.”

“சரியா வர்றதில்லைன்னா?”

“கட்டி தெரியறதில்லை. சாயம் பிடிக்கலை. கை நடுங்குது, வயசாயிடுச்சு, வேறென்ன. மைக்ராஸ்கோப்புல வைக்கிற கண்ணாடித் துண்டோட எடுத்து எறிஞ்சிடுவேன்.”

“அந்தக் கண்ணாடியில குடலை ஒட்டி வேற சதை ஏதாவது இருந்ததா?”

“இருக்கும். ஓரத்துல கொஞ்சம் தோல் ஒட்டிக்கிட்டு வரும்.”

“அதுல சாயம் பிடிச்சுதா?”

“அதுல பிரமாதமாப் பிடிச்சிருக்கும். மை வச்ச மாதிரி அப்படியே கட்டி…”

அங்கேயே நின்றுவிட்டார்.

ஒரே கண்ணாடி. ஒரே சாயம். ஒரே பூச்சி. ஓரத்தில் இருந்த தோலில் கட்டி. நடுவில் இருந்த குடலில் கட்டி இல்லை. சாயத்தில் கோளாறில்லை, கட்டிதான் அங்கே அவிழ்ந்திருக்கிறது.

“எத்தனை தடவை சார் இப்படி?”

“எப்பவுமே” என்றார் ஞானதுரை. “எப்பவுமே இப்படித்தான் மேடம்.”

“எறிஞ்சதெல்லாம் எங்கே?”

“உடைஞ்ச கண்ணாடி போடற தொட்டியில.”

“அது வாராவாரம் போயிடுமே.”

“போயிடும்.”

நாச்சியார் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பேனாவின் மூடியைத் திறந்தார்.

“இப்பவே கையெழுத்துப் போடறேன். இதுக்குள்ள வைக்க, நாலு வருஷமா அது உங்க கண்ணு முன்னாடி பேசின கண்ணாடியில ஒண்ணு மட்டும் எடுத்துட்டு வாங்க சார்.”

ஞானதுரை வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

“சார், உங்களைத்தான். ஒண்ணே ஒண்ணு கொடுங்க.”