முத்திரையின் இரண்டு புத்தகங்கள்

முன்பொரு பங்குனியில், குண்டு மிளகாய் மூட்டை ஒன்று கப்பலேறிச் சீமைக்குப் போனது. முதுகுளத்தூர்ப் பக்கம் அதை விளைவித்தவள் அரியநாச்சி. மகளை நர்சு படிப்பில் சேர்க்க அவளுக்கு இருந்தது அந்த ஒரு வெள்ளாமைதான். சாக்கின் வாயைத் தைக்கும்போதே, "நல்லபடியாப் போய்ச் சேரு. எம் மக படிப்பு ஒன்னைய நம்பித்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பினாள். மூட்டைக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட ஏறிவிட்டது.

சீமைத் துறைமுகத்தில், மேசைமேல் ஒரு முத்திரை உட்கார்ந்திருந்தது. மரக் கைப்பிடி, ரப்பர் பாதம், யாரிடமும் குரலை உயர்த்தாத சுபாவம். மிளகாயைச் சோதித்த தாளை அது நிதானமாகப் படித்தது.

"உன் உடம்பில் பூச்சிமருந்து மிச்சமிருக்கிறது. எங்கள் நாட்டில் அதைத் தெளிக்கவே தடை. நீ திரும்பிப் போக வேண்டியதுதான்."

"பூச்சி விழுந்தால் சும்மா இருக்க முடியுமா ஐயா? கடையில் கொடுத்ததைத்தானே தெளித்தாள்?"

"புரிகிறது. ஆனால் இங்கே பிள்ளைகள் சாப்பிடுவார்கள்."

மூட்டைக்கு அழுகை வந்தது. ஆனாலும் அந்தப் பேச்சில் குற்றம் சொல்ல அதற்கு மனம் வரவில்லை. எந்த ஊர்ப் பிள்ளையானாலும் பிள்ளைதானே என்று ஒதுங்கி நின்றது.

அப்போது பளபளவென்று ஒரு நீல டின் பக்கத்தில் வந்து நின்றது.

"எங்கே பயணம்?" என்று மூட்டை கேட்டது.

"முதுகுளத்தூராம். மிளகாய்க் காட்டில் வேலை."

டின்னின் மேல் இருந்த பெயரை மூட்டை பார்த்தது. தன்னைத் திருப்பியனுப்பிய தாளில் இருந்த அதே மருந்தின் பெயர்!

"உனக்குத்தான் இங்கே தடை ஆயிற்றே?"

"தெளிக்கத்தான் தடை. செய்யவும் கப்பலேற்றவும் தடை இல்லை. நான் பிறந்ததே இந்த ஊரில்தான்."

"ஐயா, இது என்ன நியாயம்?" என்று மூட்டை முத்திரையிடம் ஓடியது.

முத்திரை டின்னின் தாளில் ஒரு குத்துக் குத்திவிட்டு நிமிர்ந்தது. "உள்ளே வருவதற்கு ஒரு புத்தகம், வெளியே போவதற்கு ஒரு புத்தகம். இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்லி எனக்கு உத்தரவு இல்லை."

"எங்கள் ஊரிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்!"

"இருப்பார்கள். அதை உங்கள் ஊர்ப் புத்தகத்தில் அல்லவா எழுதியிருக்க வேண்டும்?"

இரண்டும் ஒரே கப்பலில் வந்து இறங்கின. மூட்டை மிளகாய் மண்டி வாசலில் கிடந்தது. டின் எதிரே உரக்கடை அலமாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அரியநாச்சி மண்டிக்கு ஓடி வந்தாள். "தரம் பத்தலையாம்க்கா" என்றார் தரகர். சீமைத் தாளை அவரும் முழுதாகப் படிக்கவில்லை. அவள் மூட்டையைத் தடவிக்கொடுத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு நேரே உரக்கடைக்கு நடந்தாள். மூட்டை தொண்டை கிழியக் கத்தியது. மனிதர் காதில் அது எங்கே விழப் போகிறது?

"மொளகா தரமில்லைன்னு திருப்பிட்டாக தம்பி" என்றாள் கடைக்காரரிடம். "இந்த வாட்டி அவுக ஊர்லயே செஞ்ச மருந்தாப் பாத்துக் குடுங்க."