ஹாரனும் புளியங்கொட்டையும்

பஸ் ஸ்டாண்டை ஒட்டிப் பள்ளிக்கூடம் கட்டிய புண்ணியவான் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தான். தொண்டை போனது ஆறாம் வகுப்பின் தற்காலிக டீச்சர் பூங்கோதைக்கு. ஹாரன் அடித்தால் போதும், அத்தனை தலையும் ஜன்னல் பக்கம் திரும்பும்.

கத்தி அலுத்துப்போய் ஒருநாள் மேசைமேல் ஒரு டப்பா புளியங்கொட்டையை வைத்தார். “இனிமே நான் கத்த மாட்டேன். ஹாரன் அடிச்சா, கண்ணு எங்க இருக்குன்னு நீங்களே பாத்துக்குங்க. பாடத்துல இல்லைன்னா, நீங்களே வந்து ஒரு கொட்டை எடுத்துக்குங்க.”

முதல் வாரம் டப்பா தினமும் காலியானது. அப்புறம் குறைவது மெல்ல நின்றது.

ஆய்வுக்கு வந்தார் கல்வி அதிகாரி தணிகாசலம். மேசைமேல் டப்பா எதற்கென்று கேட்டுத் தெரிந்துகொண்டார். “என்ன சத்தம் வந்தாலும் ஒரு தலை திரும்பக் கூடாது. திரும்பினா, அடுத்த மாசம் நீங்க வேற வேலை தேடிக்கலாம்” என்றார்.

டீச்சர் கரும்பலகையில் கணக்கைத் தொடர்ந்தார்.

வெளியே காது கிழிய ஹாரன் அடித்தது. அதிகாரி ஜன்னலுக்குப் பாய்ந்து, “எவன்டா அவன்?” என்று எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் குனிந்தே எழுதினார்கள். கடைசி பெஞ்சு ரெஜினா மட்டும் எழுந்து வந்து ஒரு கொட்டை எடுத்துக்கொண்டாள்.

திரும்பிய அதிகாரிக்கு அவள் கையில் கொட்டையைக் கண்டதும் உற்சாகம் தாங்கவில்லை. “ஆக, ஒரு தலை திரும்பியிருக்கு!”

“அவ திரும்பினதை நீங்க பாத்தீங்களா, சார்?” என்றார் டீச்சர்.

“நான் எங்க பாத்தேன்மா? நான்தான் ஜன்னல்கிட்ட…”

டீச்சர் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

“எடுத்துக்குங்க சார். இங்க யாருக்கும் நாங்க எடுத்துக் குடுக்கறதில்லை.”